நோன்பு மாதத்தில் ருசி பார்த்தவர்

1

சிங்கப்பூரில் எங்கள் பேட்டைச் சமூக நிலையத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. ஊரில் இதைப் படிப்பவர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ரேடியோவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. சாயங்காலம் ஆனதும் சீனக் கிழவிகள், மலாய்க்காரப் பிள்ளைகள், எங்களைப் போன்ற தமிழ் ஆட்கள் எல்லாரும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து அதைப் பார்ப்போம். நான் வேலை பார்க்கும் தேநீர்க் கடையில் எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓய்வு. அன்றைக்கு என் மகள் ஜமீலா என்னை விடமாட்டாள், இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை வருவது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக் கதை. அமெரிக்காவில் எடுத்தது. தகப்பன், தாய், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர். வாரம் ஒரு கதை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேடிக்கையான இடம் வந்தால் பெட்டிக்குள்ளிருந்தே ஒரு கூட்டம் சிரிக்கும். அந்தக் கூட்டம் கண்ணில் படாது. முதல் நாள் எனக்குப் பின்னால்தான் யாரோ சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"அத்தா, திரும்பாதீங்க. எல்லாரும் உங்களையே பாக்குறாங்க" என்று ஜமீலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் வந்து மூன்று வருடம் கழித்து அவளும் அவள் தாயும் திண்டுக்கல்லை விட்டு வந்தபோது அவளுக்கு நான்கு வயது. அங்கே நாங்கள் இருந்த நாகல் நகர் என்றால் அவளுக்கு என் கடிதங்களில் எழுதியிருக்கும் முகவரி, அவ்வளவுதான். பெட்டியில் அவர்கள் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அவசரத்தில் பாதி மலாய் வந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கதை இது. அந்தத் தகப்பன் தன் தோட்டத்தில் ஏதோ ஒரு கழியைச் சுழற்றி விளையாடும்போது பக்கத்து வீட்டு வாசல் விளக்கை உடைத்துவிடுகிறான். யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், காலையில் வந்து போன பால்காரர்தான் உடைத்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார். தகப்பன் வாயைத் திறப்பதில்லை. பால்காரர் அந்தத் தெருவுக்கே வராமல் போகிறார். ஒவ்வொரு நாளும் தகப்பன் பால் இல்லாத காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறான்; பெட்டிக்குள் கூட்டம் சிரிக்கிறது. கடைசியில் மனசு பொறுக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உண்மையைச் சொல்கிறான். அவர் ஒரு நிமிடம் முறைத்துவிட்டுச் சிரித்துவிடுகிறார். பால்காரரையும் கூப்பிட்டு எல்லாரும் கேக் சாப்பிடுகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது.

என்னைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஜமீலா கேட்டாள்.

"அத்தா, நீங்க யார்கிட்டயாவது அப்படிப் போயி சாரி சொல்லியிருக்கீங்களா? பெரிய தப்பு செஞ்சிட்டு?"

"சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"ஊருல ஒருத்தர்கிட்ட."

"அவரு என்ன சொன்னாரு?"

"சரி விடு மாப்ளேன்னாரு" என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

2

அந்த வாரமே ஷேக் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. ஷேக் என் தங்கை மைமூனின் கணவர். நான் முன்பு வேலை பார்த்த தோல் ஷாப்பில்தான் அவரும் இருக்கிறார். தோல் ஷாப்பு என்றால் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தும் இடம். திண்டுக்கல்லில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, காற்று திரும்பினால் வீட்டுக்குள்ளேயே வந்து சொல்லிவிடும்.

கடிதத்தில் விசேஷம் இதுதான். பழைய மேஸ்திரிக்குக் கண் பார்வை போய்விட்டது. முதலாளி புது மேஸ்திரியைப் போடப் போகிறார். வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஷேக் மச்சான். இன்னொருவர் கருப்பையா.

மச்சான் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "வயசுலயும் வேலையிலயும் கருப்பையா எனக்கு மூத்தவருதான். ஆனா ஒரு தொட்டித் தோல மொத்தமாக் கெடுத்தவன எப்படி மேஸ்திரியாப் போடுறதுன்னு மொதலாளி யோசிக்கிறாரு. அது நீங்க இங்க இருக்கப்ப நடந்த சமாச்சாரந்தானே, உங்களுக்குத் தெரியும். அதனால இன்ஷா அல்லா எனக்குத்தான் அமையும். மைமூனும் புள்ளைங்களும் ரொம்ப ஆசையா இருக்காக. துஆ செய்யவும்."

உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். ஆமாம், எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

3

தோல் ஷாப்பில் ஏழு தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஆவாரம்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் தோலைப் போடுவோம். புதிதாகப் பட்டை போட்ட தண்ணீருக்கு வேகம் அதிகம். நாள் ஆக ஆக வேகம் குறையும். சுண்ணாம்பிலிருந்து எடுத்துக் கழுவிய பச்சைத் தோலை முதலில் வேகம் குறைந்த பழைய தண்ணீரில்தான் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேகமான தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். எடுத்த எடுப்பில் புதுத் தண்ணீரில் போட்டால் தோலின் மேல்பக்கம் இறுகிச் சுருங்கிவிடும். உள்ளே தண்ணீர் இறங்காது. அந்தத் தோல் எதற்கும் உதவாது.

எந்தத் தொட்டி பழையது, எது புதியது என்று பார்வைக்குத் தெரியாது. எல்லாம் ஒரே செம்பழுப்பு. நாக்குத்தான் அளவுகோல். சுண்டு விரலை முக்கி, நுனி நாக்கில் வைத்து, துப்பிவிட வேண்டும். அதில் கருப்பையா கெட்டிக்காரர். வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். விரலை நாக்கில் வைத்ததும், "இது நாலு நாளுத் தண்ணி", "இது இன்னும் கடிக்குது, தொடாத" என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை மேஸ்திரி அவரைச் சோதிப்பதற்காக இரண்டு தொட்டித் தண்ணீரைக் கலந்து கொட்டாங்கச்சியில் கொடுத்தார். கருப்பையா மாமா நாக்கில் வைத்துவிட்டு, "என்ன மேஸ்திரி, ரெண்டு வீட்டுக் கொழம்ப ஒண்ணா ஊத்திக் குடுக்குறீக?" என்றார். ஷாப்பே சிரித்தது.

நோன்பு மாதம் வந்தால் எங்கள் ஆட்கள் யாரும் ருசி பார்க்க மாட்டோம். நாக்கில் பட்டதைத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று சொல்லும் ஆலிம்களும் உண்டு. எங்கள் மேஸ்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அந்த ஒரு மாதம் முழுவதும் ஏழு தொட்டிக்கும் நோன்பில்லாத கருப்பையா மாமாதான் நாக்கு. யார் தோலை மாற்றினாலும் முதலில் அவரைக் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை ருசி பார்த்து அவருடைய நாக்கு மரத்துப் போயிருக்கும். "ஏ மாப்ளே, நோம்பு ஒங்களுக்கு, வாயி கட்டுனது எனக்கு. சோத்துல என்ன போட்டாலும் பட்டையாத்தான் இருக்கு" என்பார்.

ஆனால் எங்கள் முன்னால் சாப்பிடமாட்டார். சித்திரை மாத வெயிலில் நாங்கள் பச்சைத் தண்ணீர் இல்லாமல் வேலை செய்யும்போது, அவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவார். வெஞ்சனத்தின் வாசனைகூட எங்களுக்கு வரக் கூடாது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் சிங்கப்பூருக்கு வந்த வருடத்து நோன்பில் ஒரு நாள் மத்தியானம் சுண்ணாம்புப் பக்கத்திலிருந்து பச்சைத் தோலைக் கழுவிக் கொண்டுவந்தேன். நான்காம் தொட்டிதான் முந்தின நாள்வரை எல்லாவற்றையும்விடப் பழைய தண்ணீர். அதில்தான் போட வேண்டும். கருப்பையா மாமாவைத் தேடினேன். கொட்டகைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதுகுதான் தெரிந்தது. சுவரைப் பார்த்து, குனிந்து, சத்தம் வராமல் சாப்பிட்டார்.

கூப்பிட வாய் வரவில்லை. எங்களுக்காக ஒளிந்து சாப்பிடுகிற ஒரு மனிதரை, சாப்பாட்டுக்கு நடுவில், எச்சில் கையோடு எழுப்பி வந்து இந்தத் தண்ணீரை நாக்கில் வை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. செத்த நேரம் காத்திருந்தால் அவரே வந்திருப்பார். காத்திருக்கவும் இல்லை. வெயில் தலையில் இறங்கியது, கண் இருட்டியது. நேற்றுப் பழைய தண்ணீர் இன்றைக்கும் பழைய தண்ணீர்தானே என்று திரும்பி வந்து தோலை இறக்கிவிட்டேன்.

அன்று காலையில்தான் அந்தத் தொட்டியை வடித்துவிட்டுப் புதுப்பட்டை போட்டிருந்தார்கள். நான் சுண்ணாம்புப் பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை.

4

மறுநாள் காலையில் தோலை எடுத்தபோது கிழவியின் உள்ளங்கை போலச் சுருங்கியிருந்தது. மேஸ்திரி ஒன்றை எடுத்து ஓரத்தில் கத்தியால் கீறிப் பார்த்தார். நடுவில் வெள்ளைக் கோடு. பச்சைத் தோல் அப்படியே உள்ளே இருந்தது. முதலாளிக்கு ஆள் போயிற்று.

முதலாளி வந்து நான்கைந்து தோல்களைப் புரட்டினார். அவர் சத்தம் போடாமல் இருந்தால்தான் பயம்.

"யாரு ருசி பாத்தது?"

மேஸ்திரி சொன்னார்: "நோம்பு மாசம், மொதலாளி. கருப்பையாவத் தவிர யாரு பாப்பாக?"

எல்லாரும் கருப்பையா மாமாவைப் பார்த்தார்கள். அவர் சுருங்கிய தோலைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் பாத்திருந்தா இப்படி ஆகாது மொதலாளி" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. "நேத்து எம்புட்டோ தடவ பாத்தேன். எது எதுன்னு..." என்று இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நீதான தோல எறக்குன. நாலாம் தொட்டிய நான் பாத்தேனா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக நின்றார்.

அப்போது என் நிலைமை என்ன என்பதையும் எழுதத்தான் வேண்டும். சிங்கப்பூரில் தேநீர்க் கடையில் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அனுமதிக்கு, இந்த ஆள் ஒழுங்கானவர், பொறுப்பானவர் என்று வேலை கொடுத்தவரின் கடிதம் வேண்டும். முதலாளி நோன்புப் பெருநாள் முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு தொட்டித் தோலைக் கெடுத்தவனுக்கு எந்த முதலாளி அப்படி எழுதிக் கொடுப்பார்?

"பாத்தீக மாமா" என்றேன்.

நோன்பு வாயோடு சொன்னேன்.

கருப்பையா மாமா தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பச் சரி. என் நாக்குத்தான் ஏமாத்திருச்சு" என்றார். முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பட்டை இடிக்கிற பக்கம் அனுப்பிவிட்டார். அதன் பிறகு மேஸ்திரியே ஒருமுறை அவசரத்துக்குக் கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. "வேணாம் மேஸ்திரி. எனக்கே எம்மேல நம்பிக்கையில்ல" என்று உலக்கையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

முதலாளி பெருநாள் முடிந்து எனக்குக் கடிதம் கொடுத்தார். அதைத் தபாலில் அனுப்பி, பதில் வந்து, புறப்பட ஐந்தாறு மாதம் ஆயிற்று. நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர்களில் கருப்பையா மாமாவும் இருந்தார். எல்லாரும் ஸலாம் சொல்லி முடித்ததும் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார்.

"மாப்ளே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ போயிட்டா வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. அன்னைக்கி நான் ருசி பாத்தப்ப முகத்த எப்படி வச்சிருந்தேன்? சுளிச்சேனா, சும்மா இருந்தேனா? எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது."

"நான் கவனிக்கல மாமா."

"சரி, சரி. போற எடத்துல ஒடம்பப் பாத்துக்க" என்று என் தோளைத் தட்டினார்.

5

இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மலேசியாவிலிருந்து நாடு தனியாகப் பிரிந்த பிறகு எல்லாரும் போடுகிறார்கள். குடியுரிமை அட்டை இல்லாவிட்டால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்று பயம். மூன்று தடவை அந்த அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை புகைப்படத்தின் அளவு சரியில்லை. இரண்டாவது தடவை என் பெயரில் தகப்பனார் பெயர் எது, காசிம் என்கிற என் பெயர் எது என்று தெரியாமல் அங்கிருந்த பெண் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டாள். நான் ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து விளக்கியதில் அவளுக்கு இன்னும் குழம்பிவிட்டது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாகி, ஒரு தாளை நீட்டினாள். நான் நல்ல நடத்தை உள்ளவன் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

கடை முதலாளி யோசிக்காமல் போட்டார். பள்ளிவாசல் செயலாளர், "காசிமுக்கா? பத்துக் கையெழுத்து வேணும்னாலும் போடுறேன். வாயத் தொறந்து அதிர்ந்து பேசுனது கெடையாதே" என்று போட்டார்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அதே பையில் ஷேக் மச்சானின் கடிதமும் இருந்தது.

வீட்டில் என் மனைவி பாத்திமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மொதலாளிக்கு எழுதலாம்னு இருக்கேன்."

அப்போதுதான் கையை நிறுத்தினாள். "எழுதுனா மைமூனு புருசனுக்குக் கெடைக்குறது கெடைக்காமப் போகும். நாலு புள்ளைங்க. ஒங்க கூடப்பொறந்தவதானே அவ? பதினோரு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, இப்ப அவ வாயில மண்ணப் போடுறதுக்குன்னு தொறக்கணுமா?"

"அது கருப்பையா மாமாவுக்கு வர வேண்டியது."

"வர வேண்டியதா இருந்தா அல்லா குடுக்கட்டும். நீங்க எதுக்கு நடுவுல?"

"நடுவுல நிக்கிறதே நான்தான் பாத்திமா."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். "எழுதறதுன்னா மொதலாளிக்கு மட்டும் எழுதாதீங்க. அவருக்குத் தோலு போச்சு, அம்புட்டுத்தான். அந்த மனுசன் நின்னு ஒங்களைக் கேட்டாருல்ல, அவருக்கு எழுதுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மைமூனும் அவளும் சிறு வயதுத் தோழிகள்.

கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் துறைமுகத்து ஆட்கள் போன பிறகு கூட்டம் இருக்காது. கடைசி மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடிதம் எழுதத் தெரியும், "இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று. அதற்கப்புறம் பேனா நகரவில்லை. நான்கு தாள் கிழித்தேன். ஒன்றில் வெயில் அதிகமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில் தொட்டியை மாற்றியதை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். இரண்டும் உண்மைதான். படித்துப் பார்த்தால் இரண்டும் பதுங்கிக்கொள்வதற்கு எழுதினவை என்று எனக்கே தெரிந்தது. கடைசியில் மூன்றே வரி நின்றது: நான்காம் தொட்டியை நீங்கள் ருசி பார்க்கவில்லை. நான் உங்களைக் கூப்பிடவே இல்லை. நீங்கள் பார்த்ததாக நான் சொன்னது பொய்.

அதையே தோல் ஷாப்பு முதலாளிக்கும் எழுதினேன். ஷேக் மச்சானுக்குத் தனியாக ஒன்று எழுதினேன்.

ஜமீலா பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தவள் மேசையில் கிடந்த மூன்று நீலத் தாள்களைப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "பொய்" என்ற சொல்லில் விரலை வைத்து, "யாரு பொய் சொன்னா?" என்றாள்.

"நான்தான்."

உட்கார வைத்து அவளுக்கும் சொன்னேன். பட்டை, தொட்டி, நோன்பு எல்லாவற்றையும் விளக்க வெகுநேரம் ஆனது. ஆவாரஞ்செடியை அவள் பார்த்ததில்லை. தேயிலையை அதிகம் போட்டுக் கொதிக்கவிட்டால் நாக்கைப் பிடிக்குமே, அதுபோல என்று சொன்னபோது புரிந்துகொண்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தாள்.

"அப்ப அவரு சரி விடுன்னு சொன்னாருன்னீங்களே?"

"சொல்லல. நான் அவர்கிட்டச் சொன்னாத்தானே அவரு சொல்ல?"

"அப்ப என்கிட்டயும் பொய்யி."

"ஆமாம்மா."

அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "சரி. இனிமே சொல்லாதீங்க" என்று, அவளுடைய டீச்சர் சொல்வது போல, சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "ஸ்டாம்பு நான் ஒட்டவா?" என்று கேட்டாள்.

6

முதலில் ஷேக் மச்சானின் பதில் வந்தது. பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. "கடிதம் கிடைத்தது. முதலாளி வேலையைக் கருப்பையாவுக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் அங்கே மனநிம்மதியோடு இருங்கள். மைமூன் இனி எழுதாது." அவ்வளவுதான். நலம் விசாரிப்பு இல்லை. மைமூனுக்கு நான் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. போட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

முதலாளி பதில் எழுதவில்லை.

கருப்பையா மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் கடைப்பக்கம் வரும் நேரத்தில் நான் தேநீர் ஆற்றுவதை விட்டுவிட்டு வாசலில் போய் நிற்பேன். ஜமீலா தினமும் கேட்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம். பிறகு அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமைக் கதையில் வேறு என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது.

இந்த மாதம் பிறந்த அன்று, நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த வாரத்தில், கடிதம் வந்தது. காந்திகிராமத்தில் படிக்கும் அவருடைய மகன் எழுதியிருந்தான். நல்ல எழுத்து. ஆனால் தகப்பன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருக்கிறான். படிக்கும்போது கருப்பையா மாமாவின் குரலே காதில் விழுந்தது. பாத்திமாவையும் ஜமீலாவையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன். இதை எழுதுவதற்குக் காரணமே அந்தக் கடிதம்தான். அதை இங்கே தருகிறேன்.

"மாப்ளே காசிமுக்கு, கருப்பையா சொல்லி எழுதுறது. ஒன் கடுதாசிய மொதலாளி என்னக் கூப்புட்டு வாசிச்சுக் காட்டுனாரு. எனக்கு வந்ததையும் எம்மகன் வாசிச்சான். மூணு தடவ வாசிக்கச் சொன்னேன். ஒடனே வந்தது கோவந்தான். நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா பட்டை இடிக்கிற ஒலக்கையாலயே போட்டிருப்பேன். கடலு தாண்டி இருந்ததுனால தப்பிச்ச.

அன்னைக்கி வாயில பொகையில போட்டிருந்தேன், அதுதான் நாக்கக் கெடுத்துருச்சுன்னு நெனச்சு அதோட பொகையிலைய விட்டேன். பதினோரு வருசமாப் போடல. ஒன்னால அந்த ஒரு நல்லது நடந்துச்சுன்னு ஒன் மாமி சொல்றா. நான் மறுபடி போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்.

மேஸ்திரி வேலைய ஒத்துக்கிட்டேன். மொத ரெண்டு நாளு தொட்டிக்கிட்டப் போயி விரல முக்கிட்டு நாக்குல வைக்காம நின்னேன். மூணாம் நாளு வச்சேன். அஞ்சு நாளுத் தண்ணின்னு சொன்னேன். சரியா இருந்துச்சு. ஒன் மச்சான் என்கூடப் பேசுறதில்ல. ஆனா வேலையில கொற வைக்கல. அவனுக்கு நான் ஏதாச்சும் செய்யணும், செய்வேன்.

மன்னிச்சிட்டேன்னு ஒரு வரி போட்டுறலாமாப்பான்னு எம்மகன் கேக்குறான். இப்ப வேணாம்னுட்டேன். வாய்க்கு வந்துருச்சுன்னு சொல்லக் கூடாது. தோணுற அன்னைக்கி நானே சொல்லி எழுதச் சொல்றேன். தோணாமலும் போகலாம், அத நீ பொறுத்துக்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும். இம்புட்டு வருசமா ஒன் மாமி சோத்தப் போட்டுட்டு உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுருவேன். நேத்து கொழம்புல உப்புக் கூடன்னு சொன்னேன். அவ கரண்டியில எடுத்து வாயில வச்சுப் பாத்துட்டு, ஆமான்னா."